கெயினைக் குறை, மிட்டைக் கூட்டு: மலிவுப் பெடல்களில் பழைய ராக் டோன்

எழுபதுகளின் ராக் ஆல்பம் ஏதாவது ஒன்றை நல்ல ஹெட்போனில் போட்டு, கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். மனதில் பதிந்திருப்பதைவிட டிஸ்டார்ஷன் குறைவாகத்தான் இருக்கும். கார்டு அடிக்கும்போது ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும். பிக் கம்பியில் படும் அந்த முதல் 'டக்' கூடத் தெரியும். அந்த ஒலி பெரிதாகத் தோன்றக் காரணம் கெயின் (சிக்னலை எவ்வளவு பெருக்கிச் சிதைக்கிறோம் என்பது) அல்ல. மிட் எனப்படும் நடு அதிர்வெண்கள், முழுச் சத்தத்தில் திணறிய ஆம்ப், பெரிய ஸ்பீக்கர் பெட்டி, ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் பிரித்து வைத்த பதிவு, இவைதான் காரணம். புதிதாகப் பெடல் வாங்குபவர் செய்கிற முதல் வேலையோ கெயின் குமிழைக் கடைசி வரை திருப்புவது. அங்கேயே டோன் தொலைந்துவிடுகிறது.

மலிவான பெடல் என்பதால் ஒலி மட்டமாகத்தான் இருக்கும் என்ற பயம் தேவையில்லை. இந்தப் பழைய சர்க்யூட்டுகள் எல்லாமே எளிமையானவை, பல ஆண்டுகளாகப் பிரித்து வரையப்பட்டவை. ஐபனெஸின் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் (மிதமான டிஸ்டார்ஷன்) பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குணத்தைத் தீர்மானிப்பவை ஆப்-ஆம்பை (சிக்னலைப் பெருக்கும் சிப்பை) ஒட்டியிருக்கும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும்தான். இரண்டும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைத்துவிடுகின்றன. அதனால் பாஸ் கொழகொழக்காது, மிட் முன்னே வரும். பெஹ்ரிங்கர் டிஓ800, ஜோயோ விண்டேஜ் ஓவர்டிரைவ் போன்ற நகல்களும் இதே வழியில் போகின்றன. பழைய 4558 சிப் இருந்தால்தான் அந்த ஒலி வரும் என்று சொல்லிக் கூடுதல் காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம். சிப்பை மாற்றுவதைவிட டோன் குமிழை இம்மி நகர்த்துவது அதிக வித்தியாசம் தரும்.

மலிவுப் பெடலில் உண்மையில் குறைவது ஒலியல்ல, உடம்பு. பெஹ்ரிங்கரின் பழைய வரிசைக்குப் பிளாஸ்டிக் பெட்டி, மேடையில் பூட்ஸ் காலால் மிதிக்க அது லாயக்கில்லை. சில நகல்களில் ஜாக்குகள் சர்க்யூட் பலகையிலேயே நேரடியாகச் சால்டர் செய்யப்பட்டிருக்கும், கேபிளைப் பிடித்து இழுத்தால் சால்டர் விரிசல் விடும். வீட்டில் வாசிக்க இதெல்லாம் பெரிய குறையில்லை.

ஸ்பீக்கர் இல்லாமல் டோன் இல்லை

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸிலோ, மிக்சரிலோ, புளூடூத் ஸ்பீக்கரிலோ செருகுகிறார்கள். வருவது கிட்டார் ஒலியல்ல, கலைத்துவிட்ட தேன்கூடு. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதைப் பெரும்பாலும் வெளியே விடாது. நாம் 'டிஸ்டார்ஷன்' என்று பழகியிருப்பது அந்த வடிகட்டலுக்குப் பிறகான ஒலியை. வடிகட்டி இல்லையென்றால் மேலே உள்ள கீச்சு முழுவதும் காதில் ஏறும்.

வழி இரண்டு. கணினியில் வாசிப்பவர்கள் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்து வைத்த ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்பு ஒன்றை, இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன, பெடலுக்குப் பின்னால் போட வேண்டும். மார்ஷல் ஆம்ப் வகை ஒலிக்கு 4x12 பெட்டியின் (12 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்டது) ஐஆர், வாக்ஸ் ஆம்ப் வகைக்கு 2x12. கணினி வேண்டாம் என்பவர்களுக்கு 'ஆம்ப் இன் எ பாக்ஸ்' வகைப் பெடல்: ஜோயோவின் அமெரிக்கன் சவுண்ட், பிரிட்டிஷ் சவுண்ட், ஏசி டோன். முறையே பழைய ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் ஏசி30 ஆம்புகளின் சாயல். ஸ்பீக்கர் வடிகட்டலும் உள்ளேயே இருப்பதால் மிக்சரில் நேராகச் செருகலாம். இதே பெடலை உண்மையான கிட்டார் ஆம்பின் முன்னால் வைத்தால் இரண்டு முறை வடிகட்டியதாகிவிடும், ஒலி கம்பளி போர்த்தியது போல மங்கும். அப்போது 'ஹை' குமிழைத் தாராளமாக ஏற்ற வேண்டும்.

இந்தப் பதிவில் இனி வரும் அளவுகள் கடிகாரக் கணக்கில். குமிழின் கோடு நேர் மேலே நின்றால் 12 மணி, முழுக்கக் குறைத்தால் 7, முழுக்கக் கூட்டினால் 5. கிட்டாரிலேயே உள்ள வால்யூம், டோன் குமிழ்களுக்கு மட்டும் 0 முதல் 10 வரையான எண். எல்லாமே தொடங்கும் இடங்கள்தான், உங்கள் கிட்டாரின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) தகுந்து அரை மணி முன்னே பின்னே போகும். ஆம்ப் சுத்தமான சேனலில், பாஸ் 11, மிட் 2, ட்ரெபிள் 12. மிட் 2 என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குறைத்தால் இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் டிரம்ஸும் பாஸும் சேர்ந்த நொடியில் கிட்டார் காணாமல் போய்விடும்.

ஏசி/டிசி: கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத டோன்

ஆங்கஸ் யங்கின் கிப்சன் எஸ்ஜி, மார்ஷல், அவ்வளவே. பிரிட்ஜ் அருகிலுள்ள ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், பிரிட்டிஷ் சவுண்டில் டிரைவ் 10 மணி, மிட் 1, லோ 11. கிட்டார் வால்யூம் 8-இல் இருக்கட்டும். கார்டு அடித்ததும் முழுக்கச் சிதைந்தால் கெயின் அதிகம். மெதுவாக அடித்தால் கிட்டத்தட்ட சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் மட்டும் கடிக்கவும் வேண்டும். லீடுக்கு வால்யூமை 10-க்கு ஏற்றினால் போதும். அவர் நீண்ட காலம் பயன்படுத்திய ஷாஃபர்-வேகா என்ற வயர்லெஸ் கருவி சிக்னலைக் கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் தூக்கியும் விட்டது, ஒலியின் ஒரு பகுதி அதிலிருந்து வந்ததுதான். அதற்காகத் தனிப் பெடல் விற்கிறார்கள். வீட்டில் போஸ் எஸ்டி-1 ஓவர்டிரைவ் பெடலை டிரைவ் 7, லெவல் 2 மணியில் முன்னால் வைத்தால் நெருங்கிவிடலாம்.

பிரையன் மே: ஒரு டிரான்சிஸ்டர் போதும்

இதை நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் மலிவில் இதைவிட மலிவு கிடையாது, கடையில் வாங்கவும் வேண்டாம்.

குயீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் மே; அவர் ஒலியின் அடிப்படை வாக்ஸ் ஏசி30. நார்மல் சேனல், வால்யூம் முழுக்க. அதன் முன்னால் ட்ரெபிள் பூஸ்டர். அறுபதுகளில் டல்லாஸ் நிறுவனம் விற்ற ரேஞ்ச்மாஸ்டர்தான் இவ்வகைப் பூஸ்டர்களின் முன்னோடி. ஓசி44 என்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஒன்று, சுற்றிலும் கைவிரல்களில் எண்ணக்கூடிய உதிரி பாகங்கள். பிளாக் சாபத்தின் டோனி ஐயோமி லேனி ஆம்பின் முன்னால் வைத்ததும் இந்த ரேஞ்ச்மாஸ்டரைத்தான். பெயரில் ட்ரெபிள் இருந்தாலும் இதன் வேலை கீச்சென்று ஆக்குவதல்ல. பாஸை விட்டுவிட்டு மேல் மிட்டை மட்டும் பலமாகத் தள்ளுகிறது. பாஸ் குறைந்த சிக்னல் ஆம்பைத் திணறடிக்கும்போது டிஸ்டார்ஷன் சேறாகாமல் தெளிவாகப் பாடுகிறது. அந்த வயலின் போன்ற ஒலிக்கு அடிப்படை இது.

ஓசி44 இப்போது அரிது, கிடைத்தாலும் விலை, வாங்கினாலும் கசிவு மின்னோட்டம் ஒவ்வொன்றிலும் மாறும். சிலிக்கானில் செய்துகொள்ளலாம். தேவையானவை: பிசி549 டிரான்சிஸ்டர் 1 (பிசி547 இருந்தாலும் சரி), ரெசிஸ்டரில் 330 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 3.9 கிலோ ஓம் தலா 1, 1 மெகா ஓம் 2. கெபாசிட்டரில் 4.7 நானோ ஃபாரட் 1 (மேலே 472 என்று அச்சிட்டிருக்கும்), 10 நானோ 1 (103), 47 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் 2, 22 பிகோ செராமிக் 1. லீனியர் 10 கிலோ ஓம் பாட் (குமிழ் வைத்துத் திருப்பும் ரெசிஸ்டர்) 1. பிறகு இரண்டு ஜாக், ஒரு ஃபுட்ஸ்விட்ச், டிசி சாக்கெட், அலுமினியப் பெட்டி. சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும். பெட்டிதான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட விலை.

இணைப்பு இப்படி. உள்ளீட்டு ஜாக்கிலிருந்து 4.7 நானோ வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு. பேஸிலிருந்து 330 கிலோ ஓம் 9 வோல்ட்டுக்கு, 68 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. எமிட்டரிலிருந்து 3.9 கிலோ ஓம் கிரவுண்டுக்கு, அதற்கு இணையாக ஒரு 47 மைக்ரோ, நெகட்டிவ் கால் கிரவுண்ட் பக்கம். கலெக்டரைப் பாட்டின் ஒரு ஓரக் காலுக்கும், மறு ஓரக் காலை 9 வோல்ட்டுக்கும் கொடுங்கள். நடுக்காலிலிருந்து 10 நானோ வழியாக வெளியீடு. இன்னொரு 47 மைக்ரோ 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, சப்ளை இரைச்சலை விழுங்க. 22 பிகோவை பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையே. ஜாக் இரண்டிலும் சிக்னல் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் போட்டால் ஸ்விட்ச் மிதிக்கும்போது 'டப்' சத்தம் வராது.

மூலச் சர்க்யூட்டில் 330-க்குப் பதில் 470 கிலோ ஓம். அந்த மதிப்பு ஜெர்மேனியத்துக்குப் பொருந்தும். சிலிக்கானுக்கு பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் கூடுதலாக, சுமார் 0.65, தேவைப்படுவதால் 470 போட்டால் கலெக்டர் 7.7 வோல்ட் அளவில் உயரே நின்றுவிடும். 330 போட்டால் 7-ஐ ஒட்டி இறங்கும். பழைய பூஸ்டர்களும் அந்த இடத்தில்தான் நின்றன. அலையின் ஒரு பாதி சீக்கிரம் வெட்டுப்பட்டு, மறுபாதி தாராளமாகப் போகிறது. ஆம்புக்கு அந்தச் சமச்சீரின்மை பிடிக்கும்.

மின்சாரம் கொடுத்ததும் மல்டிமீட்டரை கலெக்டரில் வையுங்கள். 6.5 முதல் 7 வோல்ட் காட்டினால் முடிந்தது வேலை. 8-ஐத் தாண்டினால் டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கும். தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி549-இல் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் இது அப்படியே தலைகீழ், இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 330-உம் 68-உம் இடம் மாறியிருக்கும். வோல்ட்டேஜ் சரி, ஆனால் வானொலி நிலையம் கேட்கிறது என்றால் அலுமினியப் பெட்டி கிரவுண்டோடு சேரவில்லை. ஒலி காதைக் குத்தினால் 22 பிகோவை 47 ஆக்குங்கள்.

பயன்பாட்டில் பூஸ்டரை முழுக்கத் திறந்து, எப்போதும் ஆனிலேயே விடுங்கள். பின்னால் ஏசி டோன், டிரைவ் 10 முதல் 11 மணி, மிட் 1, ஹை 11. சுத்தமான ஒலி வேண்டுமென்றால் கிட்டார் வால்யூமை 3-க்கு இறக்குங்கள், சோலோவுக்கு 10. மே செய்வதும் இதுதான், சேனல் மாற்றுவதில்லை. இங்கே ஒரு கண்டிப்பு: கிட்டாருக்கும் பூஸ்டருக்கும் நடுவே பஃபர் (பிக்கப்பைப் பின்னால் வரும் பெடல்களிலிருந்து பிரித்துவிடும் சர்க்யூட்) உள்ள பெடல் எதுவும் கூடாது. போஸ், பெஹ்ரிங்கர் டியூனர்கள் அணைத்த நிலையிலும் பஃபர் வழியாகத்தான் சிக்னலை அனுப்பும். பூஸ்டர் கிட்டாரின் பிக்கப்பை நேரடியாகச் சந்தித்தால்தான் வால்யூம் குமிழைக் குறைக்கும்போது ஒலி அழகாகச் சுத்தமாகும். இல்லாவிட்டால் வெறுமனே சத்தம் குறையும், கீச்சு நிற்கும்.

அவருடைய ரெட் ஸ்பெஷலில் மூன்று சிங்கிள் காயில்களும் தொடர் இணைப்பில் இருப்பவை. ஸ்ட்ராட் வகை கிட்டார்களில் இணை இணைப்பு என்பதால் மெலிந்து ஒலிக்கும். ஹம்பக்கர் கிட்டாரே இதற்கு நெருக்கம், டோன் குமிழ் 7. பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிப்பார். நம் ஒரு ரூபாயைக் கொண்டு முயலலாம்தான், ஆனால் அது ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், கம்பியை அரித்துவிடும்.

டேவிட் கில்மோர்: பிக் மஃபின் பள்ளம்

எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பிக் மஃப் என்ற ஃபஸ் (கடும் டிஸ்டார்ஷன்) பெடலை வாங்கி, பிங்க் ஃபிளாய்டில் கில்மோர் வாசித்த 'கம்ஃபர்டப்ளி நம்ப்' சோலோவை வாசித்து, "இது தேன் மாதிரி இல்லையே, ஈ மாதிரி இருக்கிறதே" என்று விற்றுவிடுபவர்கள் உண்டு. பெடலில் பிழையில்லை. பிக் மஃபின் டோன் பகுதி 1 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளம் வெட்டுகிறது. கில்மோரிடம் 100 வாட் ஹைவாட் ஆம்ப் இருந்தது, அதன் வலுவான மிட் பள்ளத்தை நிரப்பிவிட்டது. 10 வாட் பயிற்சி ஆம்பில் அந்தப் பள்ளம் பள்ளமாகவே நிற்கும்.

நிரப்ப மலிவான வழி, மஃபுக்குப் பின்னால் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல். மஃப் பள்ளம் வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இது மேடு போடுகிறது. மஃபில் சஸ்டெய்ன் 12, டோன் 10 முதல் 11, வால்யூம் 11. டிஓ800-இல் டிரைவ் 7, டோன் 11, லெவல் 1. டிரைவை ஏற்றினால் இரண்டு டிஸ்டார்ஷன் மோதி நோட்டின் தொடக்கம் நசுங்கும், அதனால் அதைத் தொடவே வேண்டாம். ஈக்யூ பெடல் (அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது) இருந்தால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். பெஹ்ரிங்கர் ஈக்யூ700-இல் 800 ஹெர்ட்ஸை 4 டெசிபெல் ஏற்றுங்கள், 6.4 கிலோஹெர்ட்ஸை 5 இறக்குங்கள், மற்றவை நடுவில்.

அடுத்தது டிலே, அதாவது எதிரொலி. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் பயன்படுத்திய பின்சன் எக்கோரெக் டேப்பில் அல்ல, சுழலும் காந்தத் தட்டில் பதிவு செய்தது. எதிரொலி ஒவ்வொரு சுற்றிலும் மங்கிக்கொண்டே போகும். அதனால் டிஜிட்டல் டிலேயின் கண்ணாடி போன்ற எதிரொலி இங்கே பொருந்தாது. ஜோயோ அனலாக் டிலே போன்ற மலிவுப் பெடல்களில் இருப்பது பிடி2399 என்ற சிப், உண்மையில் டிஜிட்டல், ஆனால் மங்கலானது. அதன் குறை நமக்கு வசதியாகிவிட்டது. இருந்தாலும் 340 மில்லி செகண்டைத் தாண்டி இழுக்க இழுக்க இரைச்சலும் கரகரப்பும் கூடும். சோலோவுக்கு 440 மில்லி செகண்ட் வைத்து, நான்கைந்து எதிரொலி, மிக்ஸ் 10 மணி. வாசிக்கும்போது டிலே இருப்பதே தெரியக்கூடாது, நிறுத்தும்போது மட்டும் தெரிய வேண்டும்.

தாளத்தோடு ஓடும் டிலே வேண்டுமென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 60000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் மில்லி செகண்ட். 120 டெம்போவில் 500. அதன் முக்கால், 375, வைத்து எட்டில் ஒன்று நோட்டுகளாக வாசித்தால் எதிரொலி இடைவெளிகளில் விழுந்து குதிரை ஓட்டம் போலக் கேட்கும். இங்கே மிக்ஸ் 1 மணி வரை போகலாம்.

மஃப் இரைச்சல் அதிகமுள்ள பெடல். நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் பெடல்) வைப்பதென்றால் மஃபுக்குப் பின், டிலேக்கு முன். டிலேக்குப் பின்னால் வைத்தால் எதிரொலியின் வாலைக் கேட் வெட்டிவிடும்.

பிங்க் ஃபிளாய்டின் எல்லா சோலோவும் மஃப் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'அனதர் பிரிக் இன் த வால்' இரண்டாம் பகுதியின் சோலோ, பி-90 பிக்கப்புகள் கொண்ட 1955 லெஸ் பாலை நேராக மிக்சிங் மேசையில் செருகி வாசித்து, பிறகு அந்தப் பதிவை ஆம்ப் வழியாக மறுபடி ஓட்டியது. அதற்கு டைனா காம்ப் என்ற காம்ப்ரஸரின் (சத்த ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தும் பெடல்) நகல் ஒன்றும், கடித்தும் கடிக்காததுமான ஒரு ஆம்பும் போதும். காம்ப்ரஸரில் சென்சிட்டிவிட்டி 1 மணி.

ஹென்ட்ரிக்ஸ்: வரிசைதான் எல்லாம்

ஹென்ட்ரிக்ஸின் ஃபஸ் பெடலான ஃபஸ் ஃபேஸ் 1966-இல் வந்தது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு பாட். இவ்வளவு எளிய பெடல் இவ்வளவு முரண்டு பிடிப்பது ஆச்சரியம்தான். இதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) மிகக் குறைவு, பிக்கப்பின் மேல் சாய்ந்துகொண்டு வேலை செய்கிறது. முன்னால் பஃபர் வந்தால் ஒலி தகர டப்பாவாகும். கிட்டார் கேபிள் நேராக ஃபஸ்ஸுக்கு, இதில் சமரசம் இல்லை. ஃபஸ் 4 மணி, வால்யூம் ஆம்பைத் தள்ளும் அளவுக்கு, பிறகு கிட்டார் வால்யூமை 7-க்கு இறக்கினால் மணி போன்ற அரைச்சுத்த ஒலி வரும். இந்த இடத்தில் மட்டும் கெயினைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

சிலிக்கான் நகல் கரகரவென்று துப்பினாலோ, நோட்டு பாதியில் அறுந்தாலோ, பயாஸ் (டிரான்சிஸ்டர் ஓய்வில் நிற்கும் வோல்ட்டேஜ்) தப்பியிருக்கும். இரண்டாம் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். அங்குள்ள 8.2 கிலோ ஓமை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் ட்ரிம் பாட் போட்டுத் திருப்பிச் சரிசெய்யலாம். மலிவு நகல்களில் இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமலேயே அனுப்பிவிடுவதுண்டு.

காலால் அசைத்து 'வா வா' என்று ஒலிக்க வைக்கும் வா பெடலை ஹென்ட்ரிக்ஸ் ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்தார். இன்றைய க்ரை பேபி வா பெடலை அப்படி வைத்தால் பல நேரம் வாவின் வாய் பாதிதான் திறக்கும், சில சமயம் ஊளையிடும். ஃபஸ்ஸின் குறைந்த இம்பீடன்ஸ் வாவின் வெளியீட்டை அமுக்குவதே காரணம். எளிய தீர்வு வரிசையை மாற்றுவது: ஃபஸ், பிறகு வா. ஒலி கொஞ்சம் கூர்மையாகும், ஆனால் அசைவு முழுதாகக் கேட்கும்.

ஹென்ட்ரிக்ஸ் பயன்படுத்திய, ஒலியைச் சுழல்வது போல ஆக்கும் யூனி-வைபுக்குப் பதில் சாதாரண ஃபேசர் போதுமா என்று கேட்பவர்களுக்கு: பாதி போதும். இரண்டிலும் நான்கு கட்டங்கள்தான். எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 என்ற ஃபேசரில் நான்கு கெபாசிட்டர்களும் ஒரே மதிப்பு. யூனி-வைபில் 15 நானோ, 220 நானோ, 470 பிகோ, 4.7 நானோ என்று தாறுமாறாக இருக்கும், நடுவே ஒரு சிறு பல்பு மினுக்கி ஒளி உணரிகளை இயக்கும். அந்த நொண்டித் துடிப்பு ஃபேசரில் வராது. வேகத்தைக் குறைத்து ஃபஸ்ஸுக்குப் பின்னால் வைத்தால் சாயல் மட்டும் கிடைக்கும். இன்னொன்று, அவருடைய பல பதிவுகளில் கிட்டார் அரைப்படி கீழே, ஈ ஃபிளாட்டில் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பெடலை மட்டும் நோண்டுவதில் பலனில்லை. அவர் பயன்படுத்திய நீண்ட சுருள் கேபிள் உச்ச ஒலியைத் தின்னும் என்பதால் கிட்டாரின் டோன் குமிழை 8-க்கு இறக்கி ஈடுகட்டலாம்.

ஃபேசர் பேச்சு வந்ததால் எடி வான் ஹேலனையும் இங்கேயே முடித்துவிடலாம். ஃபேஸ் 90 வகை, உதாரணமாக மூயரின் நைன்டி ஆரஞ்சு, வேகம் 9 மணி, டிஸ்டார்ஷனுக்கு முன்னால். பின்னால் வைத்தால் ஜெட் விமானம் கேட்கும், அது வேறு ஒலி. ஃபேசர் கரடுமுரடாக இருந்தால், பழைய ஃபேஸ் 90-இல் இல்லாத ஒரு ஃபீட்பேக் ரெசிஸ்டர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், அதைக் கழற்றிவிட்டால் மென்மையாகும். 1978-இல் வந்த முதல் ஆல்பத்தில் கிட்டார் ஒரு பக்கமும் அதன் ரிவர்ப் மறு பக்கமுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பதிவு செய்பவர்கள் இதை அப்படியே பின்பற்றினால், பெடலில் கிடைக்காத அகலம் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்.

மின்சாரமும் இரைச்சலும்

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, உள்முனை நெகட்டிவ். ஒரே அடாப்டரிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் டெய்சி செயின், அனலாக் பெடல்களுக்குத் தாராளமாகப் போதும், ஓவர்டிரைவ், ஃபஸ் எல்லாம் சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். சங்கிலியில் ஒரு டிஜிட்டல் டிலேயோ மல்டி எஃபெக்டோ சேர்ந்தால் 'ங்ங்' என்று உயர்ந்த சுருதியில் ஒரு சிணுங்கல் கேட்கும். அதற்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்தால் நிற்கும். பழைய முறையில் செய்த ஜெர்மேனியம் பிஎன்பி ஃபஸ் பாசிட்டிவ் கிரவுண்ட், அதை இந்தச் சங்கிலியில் சேர்த்தால் ஷார்ட் ஆகும். பேட்டரியில் ஓட்டுங்கள். ஃபஸ்ஸுக்கு அல்கலைன் வேண்டாம், சாதாரண துத்தநாக-கார்பன் 9 வோல்ட் பேட்டரி மலிவும்கூட. வாசிக்காதபோது உள்ளீட்டு கேபிளைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்திருந்தால் பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி தீரும்.

ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் கிட்டாரின் உள்ளே கவசம் போதாது, செப்பு நாடா ஒட்டினால் சரியாகும். கிட்டாரைத் திருப்பத் திருப்ப மாறினால் சிங்கிள் காயில் அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரையோ டியூப் லைட்டையோ கேட்கிறது, இடத்தை மாற்றுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் எர்த் லூப், பதிவு முடியும்வரை பேட்டரியில் ஓட்டலாம். கம்பியைத் தொடும்போது கையில் சுருக்கென்று இழுத்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். ஆம்ப் செருகிய சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரீஷியன் பார்த்து எர்த்தைச் சரிசெய்யும்வரை அந்த சாக்கெட்டில் வாசிக்காதீர்கள்.